பச்சை அட்டை

கொக்கு வீட்டு மாடிப்படியில் நடுவில் ஒரு படி கிடையாது. மரப்படி. எப்போதோ உளுத்து உடைந்து போனது. வீட்டுக்காரர் மாற்றிக் கொடுப்பார் என்று இவர்களும், இவர்களே மாற்றிக்கொள்வார்கள் என்று வீட்டுக்காரரும் இருந்ததில், அது இல்லாமலே எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த இடம் வந்ததும் வீட்டு ஆட்கள் காலை ஓர் எட்டு அகலமாகப் போட்டுத் தாண்டிவிடுவார்கள். கையில் தண்ணீர் வாளி இருந்தாலும், சண்டை போட்டுக்கொண்டே ஏறினாலும் தப்பாது. வெளியாள் ஏறினால் மட்டும் மேலிருந்தோ கீழிருந்தோ ஒரு குரல் வரும்.

"பார்த்து வாங்க, நடுப்படி இல்ல!"

நான் அடுத்த வீட்டுக்காரன். கொக்கு வேலை பார்க்கிற கட்டட சைட் வாசலில் என் டீக்கடை. அதனால் அந்தக் குடும்பத்தின் வீட்டுச் சங்கதி ஒரு காதிலும் வேலைச் சங்கதி மறு காதிலும் வந்து விழுந்துகொண்டே இருக்கும். வேண்டாமென்று காதைப் பொத்திக்கொள்கிற ஆளும் நானில்லை.

கொக்கு என்பது பட்டப்பெயர். கால் இரண்டும் அவ்வளவு நீளம். சாரம் கட்டுகிற வேலை. கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்தி, கிளாம்ப் போட்டு முறுக்கி, குறுக்கே பலகை பரப்பி, கொத்தனாரும் பெயின்டரும் நின்று வேலை செய்ய இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோஷ்டிக்கு மேஸ்திரி அவனுடைய கூடப் பிறந்த அண்ணன். அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மேலே. அடுப்பு இரண்டு, வாசல் ஒன்று.

அந்த நீளக் கால்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வலது முட்டி. காலையில் அவன் படி இறங்கினால் முட்டி சொடக்குப் போடுவது என் வீடு வரைக்கும் கேட்கும். சாயங்காலம் ஏறும்போது சொடக்கு கேட்காது, முனகல்தான் கேட்கும். அவன் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்று நின்று அவளுக்கே கால் வீங்கியிருக்கும். ஆனாலும் வந்ததும் வராததுமாக வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து அவன் முட்டியில் சுற்றுவாள். சுற்றிவிட்டுத் திட்டுவாள். திட்டில்தான் வலி குறையும் என்று அவன் சொல்வான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கால வச்சுக்கிட்டு மேல ஏறுவீங்க?"

"கால் இருக்கிற வரைக்கும்."

"அது இருக்கும். நீங்க இருக்கணும்ல?"

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வேலையிடப் பாதுகாப்புப் படிப்பு. பல மாசம், சாயங்கால வகுப்பு. பரீட்சை எழுதிப் பாஸானால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் சேஃப்டி ஆளாக எடுத்துக்கொள்வார்கள். கோஷ்டி ஆட்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு டீ குடிக்க வந்தார்கள். கொக்கும் சிரித்தான். வீட்டில் போய் அதை ஒரு தமாஷாகச் சொன்னது அவன் செய்த தப்பு. அவள் சிரிக்கவில்லை.

"அந்த சேஃப்டி ஆபீசரோட துணி எங்க கடைக்குத்தாங்க வருது," என்றாள். "காலர்ல மட்டும் கொஞ்சம் அழுக்கு. பேன்ட் முட்டியில ஒரு கறை கிடையாது. நானும் எவ்வளவு நாளா பார்க்கிறேன். அந்த பேன்ட்ட உங்களுக்கு மாட்டணும்னு எனக்கு ஆசை."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை மேலே சாப்பிடக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், பேச்சு முற்றினால் நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே. சோறும் பருப்பும் ஆளுக்கொரு முட்டையும். மேஸ்திரி பெரிய உருவம், சின்னக் குரல். முட்டையை உடைக்காமல் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"படிக்கப் போறியாமே?"

"இவ சொல்றா."

"அவ சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

கொக்கு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "முட்டி முடியலண்ணே. மழை இருட்டினாலே குத்துது. கீழ நின்னு செய்யற வேலையா இருந்தா..."

"கீழ நின்னு செய்யற வேலை நான் தரேன். குழாய் எடுத்துக் குடு, கிளாம்ப்புக்கு எண்ணெய் போடு. இதுக்குப் படிப்பு எதுக்கு? அந்த சர்டிபிகேட் சாரத்தத் தாங்குமா?"

"சாரத்தத் தாங்காது மாமா," என்றாள் அவள், குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமல். "குடும்பத்தத் தாங்கும். குழாய் எடுத்துக் குடுக்கிறவரு இன்னும் கொஞ்ச நாள்ல பாரம் ஆயிடுவாரு. நீங்க சொல்ல மாட்டீங்க. கோஷ்டியில மத்தவங்க சொல்லுவாங்க."

"எவன் சொல்லுவான்? பல்லத் தட்டிடுவேன்."

"பல்லத் தட்டினா முட்டி சரியாயிடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் முட்டையைக் கவனித்தேன்.

"சரிம்மா," என்றார் அவர் கடைசியில். "படிக்கட்டும். பாஸாகட்டும். சேஃப்டி ஆளுன்னா என்ன வேலை? சாரத்தப் பார்த்து, நல்லா இருந்தா பச்சை அட்டை, இல்லன்னா சிவப்பு அட்டை. நம்ம சாரத்துக்கு ஒரு நாள் இவன் சிவப்பு அட்டை மாட்டுவான். அன்னைக்கு என் கோஷ்டி முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன், சொல்லு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மேஸ்திரி முட்டையைத் தொடாமலே எழுந்து கை கழுவினார். படியிறங்கும்போது அந்தக் கோபத்திலும் அவர் கால் நடுப்படியைச் சரியாகத் தாண்டியது.

அவருடைய பயம் வெறும் கௌரவம் மட்டுமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாரக்கோஷ்டிக்குப் பலகை எந்தக் காலத்திலும் போதாது. கம்பெனி கொடுக்காது. கேட்டால் வருது வருது என்பார்கள், வராது. அதனால் ஒரு தளம் முடிந்து மேல் தளம் ஏறும்போது, கீழே பரப்பிய பலகைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக உருவி மேலே போட்டுக்கொள்வார்கள். உருவின இடத்தில் வெறும் குழாய். கோஷ்டி ஆட்கள் ஓர் எட்டு அகலமாக வைத்துத் தாண்டுவார்கள், அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பெயின்டர் மாதிரி வெளியாள் ஏறினால் கீழே நின்றே கேட்பான்: "அண்ணே, எங்க மிதிக்கலாம்?" மேஸ்திரி அண்ணாந்து பார்த்துச் சொல்வார்: "ரெண்டு பலகை மிதி, மூணாவது தாண்டு, மூலையில நிக்காத." கேட்டவன் கேட்டபடி மிதிப்பான். அவர்கள் அறிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

கொக்கு படிக்கப் போனான். பகலில் சாரம், சாயங்காலம் வகுப்பு. பாடம் நடத்துகிற பிள்ளை நல்லவன்தான், சுவரில் படம் காட்டி விளக்குவான். ஆனால் விளக்கை அணைத்ததும் பாதி வகுப்பு தூங்கிவிடும். எல்லாம் நாள் முழுக்க உழைத்த உடம்பு. கொக்கும் தூங்குவான். விட்டதை வீட்டில் மனைவிதான் சொல்லிக் கொடுத்தாள். விடுமுறை நாட்களில் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் புத்தகம். நான் பால் கொண்டுபோய்க் கொடுக்கிற நேரமெல்லாம் பாடம் நடக்கும்.

"அபாயத்துக்கும் ஆபத்து வாய்ப்புக்கும் என்ன வித்தியாசம்?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னு எழுதினா அங்கயே உட்கார வச்சிடுவாங்க. இங்க பாருங்க, இந்தப் பெட்டி சூடா இருக்கு. இது அபாயம். நீங்க இப்படிப் பேசிக்கிட்டே பக்கத்துல கைய வைக்கிறீங்கல்ல, அது ஆபத்து வாய்ப்பு."

"நீ?"

"நானா? நான் பாதுகாப்பு அதிகாரி. கைய எடுங்க."

முதல் தடவை பெயிலானான். வகுப்புக்குக் கட்டிய பணமெல்லாம் போச்சே என்று அவள் ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்து மறுபடி புத்தகத்தை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவனுக்குப் படிப்பும் வேண்டாம், சாரமும் வேண்டாம், எங்காவது காலை நீட்டி உட்கார்ந்தால் போதும் என்பது போல ஒரு முகம். இரண்டாம் தடவை பாஸ். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். அதே கம்பெனியில், அதே சைட்டில் வேலையும் கிடைத்தது. வெள்ளை ஹெல்மெட், பளபள ஜாக்கெட், முட்டியில் கறையில்லாத பேன்ட். அதை அவளே மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள்.

முதல் நாள் அந்த உடுப்பில் அவன் என் கடைக்கு வந்தபோது பெஞ்சில் கோஷ்டி உட்கார்ந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. கிளாஸை நின்றபடியே வாங்கிக் குடித்தான். ஒருவன் மட்டும் "சார், சர்க்கரை போதுமா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை, தம்பியைப் பார்க்கவுமில்லை.

அவனும் சும்மா இருக்கவில்லை. வந்த வாரமே இரண்டாவது தளத்துக்குச் சிவப்பு அட்டை மாட்டினான். உருவின பலகையெல்லாம் திரும்ப வர வேண்டும் என்றான். மேஸ்திரி ஒரு வார்த்தை பேசாமல் பலகைகளை இறக்கிப் போட வைத்தார். அதனால் மேல் தள வேலை நின்றது, கோஷ்டிக்கு அரை நாள் கூலி போயிற்று. வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. மேஸ்திரி மனைவிகூடப் படியடியில் இவளைப் பார்த்தால் துணி உலர்த்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். வாசல் ஒன்று என்பதால் எல்லோரும் எல்லோரையும் தினமும் பார்க்காமல் போக வேண்டியிருந்தது. அதைவிடச் சோர்வான வேலை உலகத்தில் இல்லை.

"நல்லதுக்குத்தானே சொன்னேன்," என்றான் ஒரு நாள் என்னிடம். "இருபது வருஷமா நானும் உருவினவன்தான். தெரியாதா எனக்கு? ஆனா தெரிஞ்சிருந்தும் விட்டா, அப்புறம் எதுக்கு இந்த ஜாக்கெட்டு?"

"உங்கண்ணன்கிட்ட இதச் சொன்னியா?"

"அவர் எங்க நிக்கிறாரு, சொல்ல?"

மழைக்காலம் நெருங்கியது. வெளிப்பூச்சு வேலை மழைக்கு முன்னால் முடிய வேண்டும் என்று சைட் எஞ்சினியர் எல்லோரையும் விரட்டினார். ஒரு மத்தியானம் மூன்றாவது தளத்தைப் பார்த்துவிடச் சொன்னார். கொக்கு ஏறினான். கீழே என் கடையிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு கிளாம்ப்பாகத் தட்டிப் பார்த்தான். கைப்பிடிக் குழாயை உலுக்கினான். சுவரோடு கட்டின இடமெல்லாம் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பினான். முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து ஏணியடியில் பச்சை அட்டையை மாட்டினான்.

அன்று சாயங்காலம் அதிசயம் நடந்தது. மேஸ்திரி கடைக்கு வந்து இரண்டு டீ சொன்னார். ஒன்றை எடுத்துக்கொண்டு போய், தூரத்தில் நின்ற தம்பி கையில் கொடுத்தார். பெஞ்சில் இடம் பண்ணி உட்கார வைத்தார். "முட்டி எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். கொக்கு டீயைக் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இருவரிடமும் காசு வாங்கவில்லை.

மறுநாள் காலை பெயின்டர் மூன்றாவது தளத்தில் நடந்துபோகும்போது விழுந்தான். வாளி முதலில் விழுந்தது, அப்புறம் அவன். கீழ்த்தளக் குழாயில் அடிபட்டுத் தரைக்கு வந்தான். என் கடையில் தினமும் பன்னை டீயில் முக்கித் தின்கிறவன். இடுப்பெலும்பு உடைந்தது, உயிர் தப்பியது. வெள்ளைப் பெயின்ட் மேலெல்லாம் கொட்டி, ரத்தம் எது என்று தேட வேண்டியிருந்தது.

மேலே ஒரு பலகை இல்லை.

நானும் கொக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயின்டர் கண்ணைத் திறந்து கொக்கைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. என்ன நடந்தது என்று தனக்கே விளங்காதவன் மாதிரி சொன்னான்:

"எப்பவும் கேட்டுத்தாண்ணே மிதிப்பேன். பச்சை அட்டை இருந்துச்சு. அதான் கேக்கல."

கொக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இருந்துச்சுண்ணே," என்றான் என்னிடம். "எல்லாப் பலகையும் இருந்துச்சு. நான் நடந்து பார்த்தேன். யாரோ அப்புறம் எடுத்திருக்காங்க."

வீட்டுக்கு வந்தால் படியடியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். தம்பி அதையே அவரிடமும் சொன்னான். யார் எடுத்தது என்று கேட்டான். குரல் உயர்ந்தது. மேஸ்திரியின் சின்னக் குரல் இன்னும் சின்னதானது.

"யாரும் எடுக்கலடா. நீ ஏறும்போதே அது இல்ல."

"நான் நடந்தேண்ணே."

"நடந்தே. நான் கீழ நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த இடம் வந்துச்சு. நீ மேல கிளாம்ப்பப் பார்த்துக்கிட்டே ஒரு எட்டு அகலமா வச்ச. தாண்டிப் போயிட்ட. திரும்பி வரும்போதும் அதே மாதிரி தாண்டின."

கொக்கு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரிஞ்சுதான் நீ விட்டுட்டன்னு நினைச்சேன்டா," என்றார் மேஸ்திரி. "அண்ணனுக்காக ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டான்னு நினைச்சேன். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா அன்னைக்கு? பெயின்டர் வந்தா எப்பவும் போலக் கேப்பான், சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவன் கேக்கல."

அந்த டீ எதற்கு வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொக்குக்கும் புரிந்திருக்க வேண்டும். அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். யாரோ வேற்றாளுடைய கால் மாதிரி பார்த்தான்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாளே சைட் எஞ்சினியர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க பார்க்கும்போது பலகை இருந்துச்சு, அப்புறம் கோஷ்டி எடுத்துடுச்சு. இவ்வளவு சொன்னா போதும். உங்களுக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது," என்றிருக்கிறார். கோஷ்டி வெளியே போகும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மாடியில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரிதான் முதலில் பேசினார்.

"என் மேல சொல்லிடுடா. உருவினது நாங்கதானே. எனக்கு வேற சைட் கிடைக்கும். உனக்கு வேற முட்டி கிடைக்காது."

"உருவினது நீங்க. சரின்னு அட்டை மாட்டினது நான்."

"நீ வேணும்னு மாட்டலியே."

"அவன் இடுப்புக்கு அது தெரியுமா?"

அவள் யாரோ ஒருத்தருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நீங்க பொய் சொன்னாலும் ஏன்னு கேக்க மாட்டேன்," என்றாள். "நிஜத்தச் சொன்னாலும் கேக்க மாட்டேன். ரெண்டுல எதுன்னாலும் நான் வேலைக்குப் போகத்தான் போறேன், துணி தேய்க்கத்தான் போறேன். ஆனா மறுபடி சாரத்துல ஏறினீங்கன்னா சும்மா இருக்க மாட்டேன். அவ்வளவுதான் எனக்கு." சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வைத்தவள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் நிஜத்தைச் சொன்னான். பலகை அப்போதே இல்லை, நான் கவனிக்கவில்லை, என் கால் தாண்டிவிட்டது என்றான். கால் தாண்டியதை எப்படி எழுதுவது என்று விசாரணைக்காரர்களுக்குத் தெரியவில்லை. கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமில் கிளாம்ப் கொடுக்கிற வேலை போட்டார்கள். வேண்டுமென்றால் பிற்பாடு மறுபடி பரீட்சை எழுதலாமாம். கோஷ்டியை அனுப்பவில்லை, மழைக்கு முன்னால் வேறு கோஷ்டிக்கு எங்கே போவார்கள்? கண்டித்துவிட்டு விட்டார்கள். அந்த வாரமே ஒரு லாரி நிறையப் புதுப் பலகை வந்து இறங்கியது. அதுவரை எந்தப் பொந்தில் இருந்ததோ அது! பெயின்டர் இடுப்பு உடைந்தால்தான் வெளியே வருமென்று யாருக்குத் தெரியும்? லாரியைப் பார்த்ததும் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

கடையில் சில பேர் என்னிடம் கேட்கிறார்கள், அந்தப் படிப்பு படிக்கலாமா, பிரயோஜனம் உண்டா என்று. நான் கொக்கைக் கேளுங்கள் என்கிறேன். அவனிடம் கேட்டால், "படிங்க. ஆனா பாஸான பிறகு மெதுவா நடங்க," என்கிறான். தன் முட்டியைச் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பால் கொண்டுபோனேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. படியில் பாதி ஏறியிருப்பேன், மேலேயிருந்து வழக்கம் போல அவள் குரல் வந்தது.

"அண்ணே, பார்த்து வாங்க, நடுப்படி..."

சொல்லி முடிக்காமல் நிறுத்திவிட்டாள். நடுப்படியில் ஒரு பலகை இருந்தது. சைட்டில் வெட்டிப்போட்ட பழைய பலகைத் துண்டு. புது ஆணிகள் மின்னின. அதற்கு மேல்படியில் கொக்கு வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் சுத்தியல். கீழே மேஸ்திரி வாசலில் நின்று எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ வருஷமாகத் தாண்டிய இடம். என் காலும் அகலமாகத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. தாண்டுவதா, மிதிப்பதா என்று தெரியவில்லை. பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "மிதிக்கலாமா?" என்று கேட்டேன்.

கொக்கு குனிந்து இரண்டு கையாலும் பலகையை அழுத்திப் பார்த்தான். இந்த ஓரம் அழுத்தினான், அந்த ஓரம் அழுத்தினான், ஆணித்தலைகளை விரலால் தடவினான். அப்புறம் என்னைப் பார்த்து, "மிதிங்கண்ணே," என்றான்.